முன் ஷாக் புதுசு, குதிப்பு முன்னைவிட மோசம்: எங்கே தேடுவது?

ஜூன் 2, மாலை

பிக்கப்புக்கு முன்பக்க ஷாக் (ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங்கோட ஆட்டத்தை அடக்குற சாமான்) ரெண்டையும் மாத்தியாச்சு. பழசு ரெண்டும் எண்ணெய் கக்கி, மேலே மண் அப்பி, கழட்டிக் கையில் அழுத்தினா சைக்கிள் பம்பு மாதிரி போய்வந்துச்சு. ஆக மாத்தினதில் தப்பே இல்லை. புதுசு போட்ட பிறகு வண்டி பழசைவிட மோசமா குதிக்குது. இதுதான் கேள்வி. இந்த இழையில் நீங்க கேட்கிறதுக்கும் சொல்றதுக்கும் கீழேயே தேதி போட்டுப் பதில் எழுதுறேன்.

வண்டி விவரம்: முன்னாடி சக்கரத்தைச் சேசிஸோட பிடிக்கிற மேல் ஆர்ம், கீழ் ஆர்ம், ஸ்பிரிங்குக்குப் பதிலா முறுக்குற இரும்புத் தண்டு (டார்ஷன் பார்). பின்னாடி ஒற்றை அச்சு, கமான் பட்டை (அடுக்கு அடுக்கா வச்ச பட்டை ஸ்பிரிங்). பெரும்பாலும் காலியாத்தான் ஓட்டுறேன். பழைய ஷாக் இரட்டைக் குழாய், புதுசு ஒற்றைக் குழாய் கேஸ். மாத்தினது பட்டறையில். உயரம் ஏத்தலை, டயர் மாத்தலை, வேறு எதையும் தொடலை.

"புதுசு பழகணும், கொஞ்சம் ஓடினா சரியாயிடும்"னு ஏற்கெனவே சொல்லிட்டாங்க. சீல் பிடிப்பு லேசா தளரும், அது நிஜம். அதுக்காக உள்ளே எண்ணெய் ஓட்டத்தை நெரிக்கிற வால்வு ஓட ஓடத் தானா வேற வால்வா மாறாது.

ஜூன் 2, இரவு

எப்படிக் குதிக்குதுன்னு கேட்டது நியாயமான கேள்வி. மேலே எழுதினது போதாது.

குதிப்பில் குறைஞ்சது மூணு ஜாதி இருக்கு. ஒண்ணு, படகு மாதிரி மெதுவா ஏறி இறங்குறது. உடம்பு மொத்தமும் ஸ்பிரிங் மேல ஆடுது; நொடிக்கு ஒண்ணு, ஒண்ணரை, மிஞ்சினா ரெண்டு ஆட்டம். இதைப் பிடிச்சு நிறுத்துறதுதான் ஷாக்கோட முதல் வேலை. ரெண்டாவது, தடதடன்னு வேகமா வர்ற உதறல், நொடிக்கு 10லிருந்து 15. அது உடம்பு ஆடுறதில்லை, சக்கரமும் அச்சும் ரோட்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் துள்ளுறது. மூணாவது, குதிப்பே இல்லாத குதிப்பு. 'டங்'குன்னு ஒரே அடி, அதோட முடிஞ்சுது. எங்கேயோ இரும்பு இரும்பைத் தொடுது, இல்லைன்னா ரப்பர் நசுங்குது.

எனக்கு முதல் ஜாதி. ஆனா நேரா மேலே கீழே இல்லை, தலையாட்டுற மாதிரி. வேகத்தடை ஏறி இறங்கின பிறகு மூக்கு மேலே, வால் கீழே, திரும்ப வால் மேலே. ஸ்டியரிங்கில் ஒண்ணும் தெரியலை. முதுகில்தான் தெரியுது.

ஜூன் 3

டயர் காத்தை இறக்கச் சொன்னவங்க அணிக்கு: பார்த்தாச்சு. பட்டறையில் நாலு டயரிலும் ஒரே அளவா ஏத்தி அனுப்பியிருந்தாங்க, கதவுத் தூண் ஸ்டிக்கரில் காலி வண்டிக்குப் போட்டிருக்கிறதைவிட நல்லாவே அதிகம். பிக்கப் ஸ்டிக்கரில் பல தடவை ரெண்டு வரிசை இருக்கும், காலிக்கு ஒண்ணு, முழு பாரத்துக்கு ஒண்ணு. டயர் ஓரத்தில் அச்சடிச்ச எண் அந்த டயர் தாங்குற உச்சம், உங்க வண்டிக்கான அளவு இல்லை. காலையில் வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி, டயர் ஆறியிருக்கும்போது பார்த்துக் குறைச்சேன்.

பலன்? சின்னச் சின்ன அதிர்வு குறைஞ்சது. தலையாட்டல் அப்படியேதான். எதிர்பார்த்ததுதான்: டயரும் ஒரு ஸ்பிரிங், அதுக்குன்னு தனி ஷாக் கிடையாது, ஆனா அதோட ஆட்டம் ரெண்டாவது ஜாதி.

ஜூன் 3, கொஞ்சம் கழிச்சு

"மாட்டுறதுக்கு முன்னாடி ஷாக்கை நிறுத்தி வச்சு ஏத்தி இறக்கினாங்களா?" இது இரட்டைக் குழாய்க்கு நல்ல கேள்வி. அட்டைப்பெட்டியில் படுத்தே கிடந்தா வெளிக்குழாயில் இருக்கவேண்டிய காத்தோ கேஸோ உள்குழாய்க்குப் போயிடும். அப்படியே மாட்டினா பிஸ்டன் ஒவ்வொரு தடவை திசை மாறும்போதும் ஒரு விரல் அகலம் வெறுமையா ஓடும், பிறகுதான் எண்ணெயைப் பிடிக்கும். கையில் நல்லாத் தெரியும்: இழுக்கிறோம், இறுக்கமா வருது, திருப்பி அழுத்தினா முதல்ல சொத்துன்னு ஒரு பள்ளம், உள்ளே களக்குன்னு ஒரு சத்தம்.

மருந்து சுலபம். வண்டியில் நிக்கிற மாதிரியே நிமிர்த்திப் பிடிச்சு முழுசா இழு. தலைகீழாக் கவிழ்த்து முழுசா அழுத்து. திரும்ப நிமிர்த்து. பள்ளம் போற வரைக்கும் செய். பல தடவை ரோட்டில் ஓடும்போதே தானா வெளியேறிடும், ஆனா முதல் ஓட்டத்திலேயே "சனியன், டூப்ளிகேட்டு"ன்னு திட்டு வாங்குறது இதனாலதான்.

என்னோடது ஒற்றைக் குழாய். கேஸும் எண்ணெயும் நடுவில் மிதக்கிற ஒரு பிஸ்டனால் பிரிஞ்சிருக்கு, கலக்க வழியில்லை. அதனாலதான் அதைத் தலைகீழாக்கூட மாட்டலாம். பில்ஸ்டீன்கிற ஜெர்மன் ஷாக் கம்பெனி 1950களில் சந்தைக்குக் கொண்டுவந்து, 1957ல் மெர்சிடஸ் பென்ஸில் ஏறின அமைப்பு. சாதாரண இரட்டைக் குழாயைத் தலைகீழா மாட்டினா அடிவால்வு எண்ணெய்க்குப் பதிலா கேஸை உறிஞ்சும், கதை முடிஞ்சுது.

ஜூன் 5

அடியில் படுத்துப் பார்த்தேன். ரெண்டு விஷயம் சிக்குச்சு.

மேல் நட்டு. ஷாக்கோட தண்டு சேசிஸ் ஓட்டை வழியா மேலே வந்து ரெண்டு ரப்பர் புஷ்ஷுக்கு நடுவில் உட்காருது. வலதுபக்கம் ரப்பர் வாஷர் அளவுக்குப் பிதுங்கி நின்னுச்சு, அது சரி. இடதுபக்கம் காத்துத் துப்பாக்கியால் இறுக்கின இறுக்கில் ரப்பர் வாஷரைத் தாண்டி வெளியே வழிஞ்சு, விளிம்பில் வெள்ளை வெள்ளையா வெடிப்பு. அவ்வளவு நசுங்கின ரப்பர் தண்டைச் சாய விடாது. ஆர்ம் ஏறி இறங்கும்போது ஷாக் கோணம் மாறியே ஆகணும். மாற விடலைன்னா தண்டு பக்கவாட்டில் உரசும், சீல் சீக்கிரம் போகும். புது புஷ் போட்டு, கையேட்டில் இருக்கிற டார்க்குக்கு (எவ்வளவு முறுக்கி இறுக்கணும்கிற அளவுக்கு) இறுக்கியாச்சு.

கீழ் போல்ட்டு. இதை ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போதே இறுக்கிட்டாங்கன்னு நினைக்கிறேன். ஷாக்கோட கீழ் வளையத்தில் இருக்கிற புஷ் உள்ளிரும்போட ஒட்டின ரப்பர். தொங்கும் நிலையில் பூட்டினா, வண்டி தரையில் நிக்கும்போதே ரப்பர் முறுக்கிக்கிட்டு நிக்கும். தளர்த்தி, வண்டியைத் தரையில் இறக்கி, ரெண்டு தடவை குலுக்கி விட்டு, பாரம் சக்கரத்தில் இருக்கும்போது திரும்ப இறுக்கினேன். ஷாக் புஷ்ஷுக்கு இது சின்ன விஷயம்தான். ஆர்ம் புஷ்ஷைக் கழட்டியிருந்தா பெரிய விஷயம்: வண்டி உயரமே மாறி நிக்கும், ரப்பர் சீக்கிரம் கிழியும்.

ஓட்டிப் பார்த்தேன். இடதுபக்கம் லேசா வந்த 'டக்' காணோம். தலையாட்டல் அங்கேயே இருக்கு, அசையலை. (ஆடுது, ஆனா அசையலை. நீங்களே ஏதாவது அர்த்தம் பண்ணிக்கோங்க.)

பாகம் எண்ணும் சரிபார்த்தாச்சு. இரு சக்கர ஓட்டத்துக்கும் நாலு சக்கர ஓட்டத்துக்கும் ஒரே மாடலில்கூட நீளம் வேறாகும். பெட்டியில் இருந்த எண் என் வண்டிக்கானதுதான்.

ஜூன் 6

புது ஷாக் மூக்கைத் தூக்கி வச்சிருக்குன்னு ஒரு சந்தேகம். கேஸ் அழுத்தம் 25 பார் (சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 25 கிலோ)னு வச்சுக்குவோம், தண்டு 14 மில்லிமீட்டர். குறுக்குவெட்டு 1.54 சதுர சென்டிமீட்டர். பெருக்கினா சுமார் 39 கிலோ. ஒவ்வொரு ஷாக்கும் எப்பவும் 39 கிலோ தள்ளிக்கிட்டே இருக்கு. கட்டை அவிழ்த்ததும் தண்டு தானா நீளுதே, அது இதுதான்.

ஜூன் 8

மேலே சொன்ன 39 கிலோவைப் பத்தி யோசிச்சேன். ரெண்டு திருத்தம்.

ஷாக் சக்கரத்தில் இல்லை, ஆர்மோட நடுவில் எங்கேயோ பிடிச்சிருக்கு. சக்கரம் 10 நகர்ந்தா ஷாக் 6 நகருதுன்னா, சக்கரத்தில் அந்த 39 வெறும் 23 ஆயிடும். இன்னொண்ணு, தண்டு உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் அந்தத் தள்ளல் கிட்டத்தட்ட மாறாது. அப்படின்னா அது வண்டியைச் சில மில்லிமீட்டர் தூக்கும், ஸ்பிரிங்கை விறைப்பாக்காது. 'கேஸ் ஷாக் போட்டா ஸ்பிரிங் கடினமாயிடும்'னு சொல்றது இங்கேதான் வழுக்குது. கடினமாத் தெரியுறது வால்வு, கேஸ் இல்லை.

அதே கணக்கில் இன்னொரு வேடிக்கை. ஷாக்கோட அடக்கும் சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேரும்போது 0.6 ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை பெருக்கும். 0.36. வேகமும் குறையுது, விசையும் குறையுது. அதனாலதான் உள்ளே தள்ளிப் பிடிச்ச ஷாக் அவ்வளவு முரடா இருக்கவேண்டியிருக்கு. கையில் அழுத்திப் பார்த்து "இது ரொம்ப டைட்டு"ன்னு சொல்ல முடியாது.

ஜூன் 8, மாலை

இன்னிக்குச் செஞ்சது: தண்டில் சின்ன பிளாஸ்டிக் டை ஒண்ணைச் சுத்தி, நகர்ந்தா நகர்ந்த இடத்திலேயே நிக்கிற அளவுக்கு மட்டும் இறுக்கி, சீல் வரைக்கும் தள்ளி விட்டேன். தூசிக் குழாய் இல்லாத ஷாக்கில்தான் முடியும். மோசமான ரோட்டில் ஓட்டிட்டு வந்து பார்த்தா, ஷாக் எவ்வளவு தூரம் அமுங்கிச்சோ அவ்வளவு தூரம் டை ஒதுங்கி நிக்கும்.

ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே இடம். முட்டுறதுக்கு இன்னும் தாராளமா இடம் இருக்கு. டை காட்டுறது அமுங்குற பக்கத்தை மட்டும். நீளுற பக்கம் முட்டுதான்னு தெரிஞ்சுக்க மேல் ஆர்ம் எல்லையில் முட்டி நிக்கிற ரப்பர் ஸ்டாப்பில் சுண்ணக்கட்டி தேய்ச்சு விட்டேன். சுண்ணாம்பு கலையலை.

அப்போ முன்பக்கம் எங்கேயும் முட்டலை, வெறுமையா ஓடலை, நடுவில் அழகா வேலை செய்யுது. முன்பக்கத்துமேல எனக்கு இருந்த சந்தேகம் இன்னிக்கு முடிஞ்சுது.

ஜூன் 11

பின்னாடி.

செல்போனில் அதிர்வு பதியுற செயலி ஒண்ணை இறக்கி, முதல்ல முன் சீட்டுக்கடியில் தரையில் ஒட்டி ஓட்டினேன், பிறகு பின்னாடி பெட்டித் தரையில், அச்சுக்கு நேர் மேலே. அதே ரோடு, அதே வேகம். முன்னாடி வேகத்தடைக்கு ஒரு மேடு, ஒரு சின்ன எதிர்மேடு, முடிஞ்சுது. பின்னாடி மேடு, பள்ளம், மேடு, பள்ளம், அடுத்த வேகத்தடை வர்ற வரைக்கும் அடங்க மனசே இல்லை.

இதைக் கண்ணாலயே கணக்கா பார்க்கலாம். நல்ல நிலையில் இருக்கிற சஸ்பென்ஷனில் ஒரு முழு ஆட்டம் முடிஞ்சா அடுத்த ஆட்டம் ஏழில் ஒரு பங்குதான் மிச்சம். ஷாக் செத்து, அடக்கும் சக்தி மூணில் ஒண்ணா குறைஞ்சா, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பாதிக்கு மேல மிச்சம் இருக்கும். பாதி, கால், அரைக்கால்னு இழுத்துக்கிட்டே போகும். செயலி வரைஞ்ச என் பின்பக்கப் படம் அப்படியே அந்த ரகம்.

பம்பரை அழுத்தி விட்டுப் பார்க்கச் சொன்னவருக்கு: காருக்கு ஓரளவு சரி. கமான் பட்டை வண்டியின் பின்பக்கத்தை ஒரு ஆள் எடையால் பெருசா அசைக்க முடியாது. அசையலைன்னா ஷாக் நல்லாயிருக்குன்னு அர்த்தமில்லை, பட்டை விறைப்புன்னு அர்த்தம்.

ஜூன் 12

கைச்சோதனை. கரடுமுரடான ரோட்டில் நல்லா ஓட்டிட்டு வந்து உடனே பின் ஷாக் உடம்பைத் தொட்டேன். ஷாக் ஆட்டத்தை வாங்கி சூடா மாத்துற சாமான். வேலை செஞ்சா சுடணும். இடது வெதுவெதுன்னு. வலது ரோட்டோர மைல்கல் மாதிரி சில்லுன்னு. எண்ணெய்க் கசிவு துளிகூட வெளியே இல்லை, அதனாலதான் இத்தனை நாள் யாரும் அதைச் சந்தேகப்படலை. கசியாம உள்ளேயே வால்வு தேய்ஞ்சு போறதும் சாவுதான்.

தொடுறதுக்கு முன்னாடி சைலன்சர் எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க. ஒண்ணு, கை பத்திரம். ரெண்டு, பக்கத்தில் சைலன்சர் ஓடினா செத்த ஷாக்கும் உயிரோட இருக்கிற மாதிரி சுடும்.

ஜூன் 12, இரவு

"பின்னாடிதான் கோளாறுன்னா, முன்னாடி பழசு இருந்தப்போ ஏன் தெரியலை?"

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான்.

முன்னாடியும் பின்னாடியும் ரெண்டும் செத்திருந்தப்போ வண்டி முழுசா சேர்ந்து மிதந்துச்சு. தொட்டில். அசிங்கம்தான், ஆனா உடம்புக்கு உறுத்தாது. இப்போ முன்பக்கம் சட்டுன்னு அடங்கிடுது, பின்பக்கம் ஆடிக்கிட்டே இருக்கு. முன் அச்சை ஆணியா வச்சு வால் மட்டும் ஏறி இறங்குது. சீட்டில் இருக்கிறவனுக்கு அது முன்னும் பின்னும் தலை ஆட்டமா வருது. மனுசனுக்கு நேரா மேலே கீழே போறதைவிட இந்தத் தலையாட்டம்தான் சகிக்காது.

மாரிஸ் ஓலி என்கிற பொறியாளர் 1930களின் தொடக்கத்தில் காடிலாக்கிற அமெரிக்கக் கார் கம்பெனியில் இருந்தப்போ இதைத்தான் தோண்டினார். ஒரு நீளமான காரோட முன்னாலயும் பின்னாலயும் எடைகளை நகர்த்தி நகர்த்தி வச்சு ஓட்டிப் பார்த்தார். முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கைவிட மெதுவா ஆடணும்னு வந்து நின்னார். காரணம் எளிது: மேடு முதல்ல முன் சக்கரத்துக்கு வருது, பிறகுதான் பின் சக்கரத்துக்கு. சக்கர இடைவெளி 3.2 மீட்டர், வேகம் 60ன்னா தாமதம் 0.19 நொடி. தாமதமா ஆரம்பிச்ச பின்பக்கம் கொஞ்சம் வேகமா ஆடினா ஓடிவந்து முன்பக்கத்தோட சேர்ந்துக்கும், ரெண்டும் ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்கும். ஆனா பின்பக்கத்துக்கு ஒழுங்கான ஷாக் இல்லைன்னா இந்த ஏற்பாடு அத்தனையும் வீண். முன்பக்கம் நின்ன பிறகும் அது தனி ஆவர்த்தனம் வாசிக்கும்.

பட்டறைக்காரர் கெடுத்துட்டார்னு நினைச்சவங்க கவனிக்க: இடது புஷ்ஷைத் தவிர அவர் வேலையில் குறை இல்லை. முன்பக்கத்தை நல்லாக்கினதால்தான் பின்பக்கத்தோட சாயம் வெளுத்துச்சு.

ஜூன் 15

பின் ஷாக் வர்ற வரைக்கும் சும்மா இருக்காம பட்டைப் பேச்சுக்குப் போயிட்டோம். பட்டைகளுக்கு நடுவில் கிரீஸ் அடிச்சதும் வண்டி குதிக்க ஆரம்பிச்சதுன்னு ஒருத்தர் எழுதினாரே, அதில் மர்மம் ஒண்ணுமில்லை. பட்டையும் பட்டையும் உரசுற உரசலே ஒரு ஷாக். ஷாக்னு ஒரு சாமான் வர்றதுக்கு முந்தின வண்டிகள் அந்த உரசலை நம்பித்தான் ஓடுச்சு. துருப்பிடிச்ச பட்டை அதிகமா உரசும், சின்ன மேட்டுக்கு அசையவே அசையாது, பெரிய மேட்டுக்குத் திடீர்னு விடும். துரு துடைச்சு கிரீஸ் போட்டா சின்ன மேடு சுகமாகும், அதுவரைக்கும் அந்த உரசல் மூடி மறைச்ச செத்த ஷாக் வெளியே வரும். கிரீஸை விரட்டாதீங்க, ஷாக்கைப் பாருங்க.

பாரம் ஏத்தினா சரியாயிடுதுன்னு சொன்னவருக்கும் பாதி உண்மை இருக்கு. எடை கூடினா ஆட்டம் மெதுவாகும், அதனால உறுத்தல் குறையும். ஆனா அதே செத்த ஷாக் இப்போ அதிக எடையைப் பிடிக்கணும். சுகமா இருக்கும், பத்திரமா இருக்காது.

ஜூன் 19

பின் ஷாக் ரெண்டும் மாத்தியாச்சு. ஒண்ணுதான் சில்லுன்னு இருந்துச்சு, இருந்தாலும் ஜோடியாத்தான் மாத்தணும். ஒரே அச்சில் ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னா சாய்வா ஆடும். எந்தப் பக்கம் எதுன்னு கவனம்: பல பிக்கப்பில் ஒண்ணு அச்சுக்கு முன்னாலயும் இன்னொண்ணு பின்னாலயும் சாய்ஞ்சு நிக்கும். கிளம்பும்போது அச்சு முறுக்கித் துள்ளுறதைத் தடுக்க அப்படி வச்சது. யாரோ தப்பா மாட்டிட்டாங்கன்னு நினைச்சுத் திருத்தப் போயிடாதீங்க.

கழட்டின வலது ஷாக்: இழுத்தா வந்துச்சு, அழுத்தினா போச்சு, ரெண்டு திசையிலும் ஒரே லேசு. நல்ல ஷாக்கில் இழுக்கிற பக்கம்தான் கடினம், அழுத்துறதைவிட ரெண்டு மூணு மடங்குகூட இருக்கும். ஸ்பிரிங் சேர்த்து வச்ச பலத்தோட துள்ளி எழும்புறதைப் பிடிக்கணும் இல்லையா.

அதே ரோடு. வேகத்தடை, ஒரு தடவை மேலே, உட்கார்ந்துச்சு. தலையாட்டல் போச்சு.

ஜூன் 20

போச்சுன்னு எழுதினது பொதுரோட்டுக்கு. கான்கிரீட் நெடுஞ்சாலையில் 100ல் இன்னும் ஒரு உதறல் இருக்கு. 80க்கு இறக்கினா காணோம். ஷாக் பைத்தியம் முத்திப் போய் அதையும் கணக்குப் போட்டேன்.

கான்கிரீட் பலகை இணைப்பு 4.5 மீட்டருக்கு ஒண்ணுன்னா, 100 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 27.8 மீட்டரில், நொடிக்கு 6.2 தட்டு. சேசிஸ் ஏணி மேல கேபினும் பெட்டியும் தனித்தனியா உட்கார்ந்த பிக்கப்பில் அந்த ஏணியே வளைஞ்சு நிமிர்ற அதிர்வு ஏறக்குறைய 6லிருந்து 8க்குள்ளதான் வரும். ரோடு தட்டுற தாளமும் சேசிஸோட தாளமும் ஒத்துப்போகுது. 80ல் தட்டு 4.9க்கு இறங்கிடுது, தாளம் தப்பிடுது. இதுக்கு ஷாக் மாத்தி மாத்திப் பணத்தைக் கொட்டாதீங்க. கேபின் ரப்பர் மவுண்ட் இத்துப் போயிருக்கான்னு மட்டும் பாருங்க. என்னோடது நல்லாயிருக்கு.

சக்கரம் பேலன்ஸ் இல்லாததும் இதே வேகத்தில் வரலாமே? வரலாம், ஆனா வேற ஜாதி. டயர் சுற்றளவு 2.4 மீட்டர்னா 100ல் நொடிக்கு 11.6 சுத்து, அது சக்கரத் துள்ளலோட எண்ணிக்கைக்குள்ள வந்து விழுது. அது எந்த ரோட்டிலும் வரும், தார் ரோட்டிலும் வரும். என்னோடது கான்கிரீட்டில் மட்டும்.

ஜூன் 27

டார்ஷன் பார் போல்ட்டைத் திருகி மூக்கை ரெண்டு அங்குலம் தூக்கலாமான்னு கேட்டவருக்கு. தூக்கலாம். ஸ்பிரிங் விறைப்பு அதனால மாறாது, ஆனா சக்கரம் கீழே தொங்குற இடம் அந்த ரெண்டு அங்குலத்தால குறையும். மேல் ஆர்ம் ரப்பர் ஸ்டாப்புக்குப் பக்கத்திலேயே நிக்கும், ஒவ்வொரு பள்ளத்துக்கும் 'டங்'. சாதா நீள ஷாக்கா இருந்தா அதுவும் முழுசா நீண்டு முட்டும். நீளமான ஷாக் போட்டாலும் ஆர்ம் ஸ்டாப்பில் முட்டுறது நிக்காது. அலைன்மென்ட்டும் மாறும், அதைத் தனியா பார்க்கணும்.

செய்றதுன்னா முதல்ல சுண்ணக்கட்டி சோதனையைச் செய்ங்க. இப்போ இருக்கிற உயரத்திலேயே சுண்ணாம்பு கலையுதுன்னா திருகாதீங்க.